பலத்தை மட்டும் ஏற்றினால் வண்டி மேடு ஏறாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ‘எல்டன் ரிங்’ வீடியோ கேமில் வாள் வீரனை உருவாக்குவது எப்படி என்று ஆடி மாதம் ஒரு கட்டுரை வந்தது. கிடைக்கிற புள்ளிகளை எல்லாம் பலத்தில் போடு, இருப்பதிலேயே பெரிய வாளைத் தூக்கு, கேடயம் கோழைக்கு. இதுதான் அதன் சாரம். போன ஞாயிறு வந்த இரண்டாம் பாகத்திலும் அதையே மாற்றிப் போட்டு எழுதியிருக்கிறார்கள். முதல் பாகத்தை எழுத்துக்கு எழுத்து நம்பி விளையாடி, ஒரே எதிரியிடம் 17 ராத்திரியில் 43 முறை செத்தவன் நான். அதனால் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் வயது 58. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது பிளேஸ்டேஷனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். சித்திரையில் எனக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆறு வாரம் படியிறங்கக் கூடாது என்றார் டாக்டர். டிவி சீரியலும் பிடிக்காது, செய்தி பார்த்தால் பிரஷர் ஏறுகிறது. மகன் போனில் சொல்லச் சொல்ல ஒயரைச் சொருகி உட்கார்ந்தவன்தான். இன்று முழங்கால் சரியாகிவிட்டது, ஆபீசுக்கும் போகிறேன், விளையாட்டை மட்டும் விட முடியவில்லை. என் இங்கிலீஷ் எடைச்சீட்டும் பெர்மிட்டும் படிக்கிற அளவுதான். ஆகவே தமிழில் இதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கோபமும் அந்த அளவுக்குத்தான்.

‘பில்டு’ என்றால் என்ன என்று விளக்க உங்கள் கட்டுரையாளர் அரைப் பத்தி செலவழித்திருக்கிறார். எங்கள் ஊர்க்காரனுக்கு அது தேவையே இல்லை. சேஸிஸைக் கொண்டுவந்து நிறுத்தி அதன் மேல் லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர் இது. விளையாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கிற ஆள்தான் சேஸிஸ். மொத்தம் பத்து வகை ஆட்கள். மேலே மேலே லெவல் ஏற்றி, லெவலுக்கு ஒரு புள்ளியாக நாம் சேர்ப்பது பாடி. முட்டை ஏற்றுகிற வண்டிக்கும் கல் ஏற்றுகிற வண்டிக்கும் ஒரே பாடியைக் கட்ட மாட்டோம். வாள் வீரனுக்கு வேகபாண்ட் என்ற ஆளை எடுக்கச் சொன்னீர்கள். அது சரி. லெவல் 9-இல் தொடங்கும் அவனுக்கு உயிர் 15, பலம் 14. பத்துப் பேரில் தொடக்கத்திலேயே அதிக உயிர் உள்ளவன் அவன்தான். விளையாட்டு தொடங்குகிற லிம்கிரேவ் தேசத்தில் கால் வைத்ததும் எதிரே தங்கக் கவசத்தோடு குதிரையில் சுற்றுகிறவனிடம் வம்புக்குப் போகாதீர்கள் என்று எழுதியதும் சரி. அதை நான் படிக்கும் முன்பே அவனிடம் நாலு தடவை செத்திருந்தேன், அது வேறு கதை.

தப்பு எங்கே ஆரம்பிக்கிறதென்றால், ஒரு வார்த்தையில். விகர் என்பதை ‘வீரியம்’ என்று போட்டுவிட்டீர்கள். வீரியம் என்றால் பூச்சிமருந்துக்கு இருப்பது போல ஏதோ வேகம், தாக்குகிற சக்தி என்றுதான் எவனும் நினைப்பான். நானும் நினைத்தேன். ‘பலம்தான் இருக்கே, வீரியம் எதற்கு’ என்று அதை 15-லேயே விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, விகர் கூடினால் கூடுவது உயிர்க்கோடு, திரையின் மேலே ஓடுகிற அந்தச் சிவப்புப் பட்டை. அதை ‘உயிர்’ என்று மூன்று எழுத்தில் போட்டிருந்தால் எனக்கு 17 ராத்திரி மிச்சம். எண்டூரன்ஸை ‘நிலைபேறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாள் வீச, அடிக்குத் தப்பி உருள, கேடயத்தில் அடி வாங்க எல்லாவற்றுக்கும் பச்சைப் பட்டை கரைகிறதே, அதற்குத் தமிழில் ‘தம்’ என்று பெயர். ஓடிக் களைத்த பையனிடம் ‘தம் இல்லையாடா’ என்று கேட்கிறோமே, அதேதான். எண்டூரன்ஸ் ஏறினால் தம்மும் ஏறும், சுமக்கிற திறனும் ஏறும்.

இனி என் கதை. கட்டுரை சொன்னபடி லெவல் 35 வரை ஏறிய 26 புள்ளியையும் பலத்தில் கொட்டினேன். 14 பலம் 40 ஆனது. உயிர் அதே 15, பட்டையில் 522. தம் 11. பிறகு குதிரையை விரட்டிக்கொண்டு கெய்லிட் என்ற அந்தச் செக்கச்செவேல் என்று அழுகிக் கிடக்கிற தேசத்துக்குப் போய், தெருவில் நின்ற ஒரு வண்டியின் பின்னால் இருந்த பெட்டியை உடைத்துக் கிரேட்ஸ்வோர்டு என்ற வாளை எடுத்து வந்தேன். (இந்த விளையாட்டில் நல்ல சாமான் பாதி வண்டிப் பெட்டியில்தான் இருக்கிறது. லிம்கிரேவில் கேட்ஃப்ரண்ட் இடிபாடுகளில் நிற்கிற வண்டியிலும் ஒரு பெரிய வாள் உண்டு. ரசீது இல்லாமல் இத்தனை சரக்கை யார் ஏற்றிவிட்டது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.) வாள் ஆளைவிட அகலம். ஒரே வீச்சில் மூன்று சிப்பாய்கள் விழுந்தார்கள். நாம்தான் ராஜா என்று ஸ்டார்ம்வெயில் கோட்டைப் பாலத்துக்குப் போனேன்.

அங்கே நிற்கிறவன் பெயர் மார்கிட். கொம்பு முளைத்த கிழவன், கையில் தடி. என் வீட்டுக்காரி அவனுக்கு வைத்த பெயர் ‘தடிக்காரக் கெழவன்’. ராத்திரி சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, “ஏனுங்க, இன்னைக்கும் அந்தக் கெழவன்கிட்ட அடி வாங்கப் போறீங்களா?” என்பாள். அவனிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தடியைத் தலைக்கு மேல் தூக்குவான், உடனே அடிக்க மாட்டான். அப்படியே நிறுத்தி வைப்பான். இப்போது விழும் என்று நாம் பயந்து உருண்டு எழுகிற நேரம் பார்த்து, சாவகாசமாக இறக்குவான். 522 உயிருக்கு இரண்டு அடி, மிஞ்சினால் மூன்று. தள்ளிப் போய்ச் சிவப்புக் குடுவையை வாயில் வைத்தால், ஒளியாலான கத்தியை எறிவான். மருந்து குடிக்கக்கூட விடாதவன்.

லோடு நோட்டில் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு போட்டு, எதனால் செத்தேன் என்று எழுதி வைத்தேன். பழைய பழக்கம், டீசல் கணக்கு எழுதின கை. ‘உருளத் தாமதம்’, ‘உருளத் தாமதம்’, ‘தம் காலி’, ‘மருந்து குடிக்கும்போது கத்தி’, ‘உருளத் தாமதம்’. 30 கோடு தாண்டியபோது எண்ணிப் பார்த்தேன், பாதிக்கு மேல் உருளத் தாமதம்தான். கை வயசாகிவிட்டது போல என்று மனசு விட்டுப்போனது. வட்டப் பட்டனை அமுக்குகிற கட்டைவிரலில் நீலகிரித் தைலம் கூடத் தேய்த்துப் பார்த்தேன்.

மகனிடம் போனில் இதைச் சொன்னேன். அவன் கையைப் பற்றிக் கேட்கவே இல்லை. “ஏனுங்கப்பா, சாமான் பக்கத்துல லோடுன்னு ஒண்ணு காட்டுமே, அது என்ன போட்டிருக்கு?” என்றான். போய்ப் பார்த்தேன். ‘ஹெவி லோடு’ என்று இருந்தது. போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பத்தோரு வருஷமாக லோடு பார்த்துச் சோறு சாப்பிடுகிறவன் நான்.

இதைத்தான் உங்கள் கட்டுரை இரண்டு பாகத்திலும் ஒரு வரிகூட எழுதவில்லை. சுமக்கும் திறனில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் ஆள் பறப்பான். 70-க்குள் இருந்தால் நன்றாக உருளுவான். 70-ஐத் தொட்டால் மூட்டையைப் போட்டது போலப் பொத்தென்று விழுந்து மெதுவாக எழுந்திருப்பான். 100-ஐத் தாண்டினால் உருளவும் முடியாது, ஓடவும் முடியாது. கிரேட்ஸ்வோர்டின் எடை மட்டும் 23. கிலோவா மணங்கா என்று விளையாட்டில் எங்கும் சொல்லவில்லை, எண் மட்டும்தான். அதன் மேல் முழு இரும்புக் கவசம், முதுகில் கேடயம், இடுப்பில் உபயோகிக்காத இன்னொரு வாள். தம் 11 உள்ளவன் அதைச் சுமந்தால் என்ன ஆகும்? பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன் என்றிருந்ததை 2018-இல் 28.5 டன் ஆக்கினார்கள். அதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. அபராதம் கிடக்கட்டும், தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காதே, அதுதான் டிரைவருக்குப் பயம். என் வீரனும் 43 முறை பிரேக் பிடிக்காமல்தான் செத்திருக்கிறான். கட்டைவிரல் மேல் பழி போட்டேன்.

அன்று ராத்திரியே இறக்கினேன். கிரேட்ஸ்வோர்டைப் பெட்டியில் போட்டேன். மார்ன் கோட்டைக்குப் போய் கிளேமோர் என்ற வாளை எடுத்து வந்தேன், எடை 9. அதற்குப் பலம் 16, லாவகம் 13 போதும். வேகபாண்டுக்கு லாவகம் 13 பிறவியிலேயே உண்டு. பார்க்கச் சாதாரண வாள்தான், ஆனால் பலமான அடிக்கான ஆர்2 பட்டனை அமுக்கினால் வீசாமல் குத்தும். ஒடுக்கமான இடத்தில் சுவரில் படாது. இடுப்பிலிருந்த வேண்டாத வாளைக் கழற்றினேன். லோடு 70-க்குக் கீழே வந்தது. உருண்டு பார்த்தேன். சர்ச் ஆஃப் எல்லேயில் கூரையில்லாத அந்த இடிந்த கோவிலுக்குள் சும்மாவே பத்து நிமிஷம் உருண்டுகொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா? சுமை இறக்கின காளை தொழுவத்தில் துள்ளுமே, அந்த மாதிரி.

அந்தக் கோவிலுக்குள்ளேயே ஒரு பட்டறைக்கல் இருக்கிறது. வாளைத் தீட்டி முதல் மூன்று படி அங்கேயே ஏற்றலாம். முதல் படிக்கு 2 தீட்டுக்கல், அடுத்ததற்கு 4, அதற்கடுத்து 6, ஆக 12. லிம்கிரேவ் சுரங்கத்தில் பொறுக்கினால் நிறையக் கிடைக்கும். நான் லெவல் 35 வரை வாளை ஒரு படி கூட ஏற்றாமல் வைத்திருந்தேன், ஏனென்றால் கட்டுரையில் அந்தப் பேச்சே இல்லை. ஆரம்பத்தில் வாளை இரண்டு படி ஏற்றுவதால் கூடுகிற அடி, பலத்தில் பல புள்ளி போட்டாலும் கூடாது. பலம் வாளோடு சேர்ந்துதான் வேலை செய்யும், வாள் மொட்டையாக இருந்தால் பலத்துக்குப் பிடிமானம் இல்லை. மூன்று படிக்கு மேல் ஏற்ற ரவுண்ட்டேபிள் ஹோல்டில் ஹ்யூக் என்ற கொல்லரிடம் போக வேண்டும். சாதாரண வாளை 25 படி வரை ஏற்றுவார். சலித்துக்கொண்டே வேலை செய்கிற ஆள், ஆனால் கை சுத்தம்.

அடுத்த 10 லெவலையும் உயிரில் போட்டேன். 15 என்பது 25 ஆனது, பட்டை 522-லிருந்து 800. மறுபடி பாலத்துக்குப் போனேன். கிழவன் தடியைத் தூக்கினான். நான் உருளவில்லை. நிறுத்தி வைத்தான். அப்போதும் உருளவில்லை. தோள் அசைந்தது, அவன் பக்கமாகவே உள்ளே உருண்டேன், தடி பின்னால் தரையில் விழுந்தது. அவன் விலாவில் இரண்டு குத்து, அதற்கு மேல் ஆசைப்படாமல் விலகல். தம் பட்டையில் கால்வாசி எப்போதும் மிச்சம் வைத்தேன், அது உருளுவதற்கான காசு, அதில் கை வைக்கக் கூடாது. கிழவன் கீழே விழுந்தபோது வீட்டுக்காரியைக் கத்தி எழுப்பிவிட்டேன், மணி ஒன்றரை. நோட்டில் 44-ஆவது கோடு இல்லை. ‘எல்லாரும் லெவல் 25, 30-லயே அவனை முடிச்சிடுவாங்கப்பா, நீங்க 45-ல’ என்று மறுநாள் மகன் சிரித்தான். இருக்கட்டும்.

கணக்கு கேட்கிறவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். உயிர் 25-இல் 800, 40-இல் 1450, 60-இல் 1900, 99-இல் 2100. அதாவது 25-இலிருந்து 40 வரை 15 புள்ளிக்கு 650 கிடைக்கிறது. 60-இலிருந்து 99 வரை 39 புள்ளிக்கு வெறும் 200. ஆகவே 40 வரை கண்ணை மூடிக்கொண்டு போடலாம், 60-க்கு மேல் போடுவது பணத்தை வாய்க்காலில் விடுவது. பலத்துக்கு இன்னொரு சூட்சுமம். வாளை இரண்டு கையால் பிடித்தால் பலம் ஒன்றரை மடங்காகக் கணக்காகும். கிரேட்ஸ்வோர்டுக்கு 31 பலம் வேண்டும், இரண்டு கையால் பிடித்தால் 21 போதும். பழகினவர்கள் பலத்தை 54-இல் நிறுத்துவதும் அதனால்தான், இரண்டு கைக்கு அது 81. வேகபாண்ட் 7 லெவலில் தூக்கியிருக்க வேண்டிய வாளுக்கு நான் 26 லெவல் கொட்டியிருக்கிறேன்.

கேடயம் கோழைக்கு என்ற வரிக்கு வருகிறேன். வேகபாண்ட் பிறக்கும்போதே கொண்டுவருகிற கேடயம் வாள், ஈட்டி அடியை நூற்றுக்கு நூறு தடுக்கும். உயிர் ஒரு துளி குறையாது, தம் மட்டும் குறையும். அடி கேடயத்தில் பட்ட அந்த நொடியில் ஆர்2-வை அமுக்கினால் வீரன் அப்படியே திருப்பி ஒரு பெரிய அடி அடிப்பான், எதிரி தள்ளாடிப் போவான். இரண்டு தரம் அப்படி வாங்கினால் பெரும்பாலான சிப்பாய்கள் மண்டியிடுவார்கள், மார்பில் ஒரு குத்து, கதை முடிந்தது. இதில் கோழைத்தனம் எங்கே வந்தது? கோட்டைக்குள் ஒடுக்கமான படிக்கட்டில் நான் கேடயத்தோடுதான் போனேன். பெரிய எதிரிகளிடம் கேடயத்தை முதுகில் போட்டு இரண்டு கையால் பிடிக்கிறேன். மழைக்குத் தார்ப்பாய், வெயிலுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

கவசம் விஷயத்தில் மட்டும் கட்டுரையாளர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. கனமான கவசம் போட்டால் சின்ன அடிக்கு வீரன் அசைய மாட்டான், ஓங்கின வாள் நடுவில் நிற்காது. பெரிய வாள் மெதுவாக வீசும் என்பதால் அது தேவைதான். ஆனால் அந்த எடைக்கு இடம் ஒதுக்க முதலில் தம் ஏற்ற வேண்டும், அதைச் சொல்லாமல் கவசத்தை மட்டும் சொன்னால் ஆக்சிலைக் கேட்காமல் லோடு ஏற்றுவதுதான்.

கடைசியாக, இரண்டாம் பாகத்தில் ‘ஒருமுறை போட்ட புள்ளியை மாற்றவே முடியாது, ஆகவே யோசித்துப் போடுங்கள்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தப்பு. ராயா லுகாரியா என்ற மந்திரப் பள்ளியில் ரென்னாலா என்ற ராணியை வென்ற பிறகு, லார்வல் டியர் என்ற சொட்டு ஒன்றைக் கொடுத்தால் மொத்தப் புள்ளியையும் மறுபடி பிரித்துப் போடலாம். நான் லெவல் 64-இல் அதைச் செய்தேன். அப்போது பலம் 40, உயிர் 35, தம் 20. பலத்தில் 10 எடுத்து உயிரில் 5, தம்மில் 5 போட்டேன். பலம் 30, உயிர் 40, தம் 25. தம் 25-க்குச் சுமக்கும் திறன் 72, அதில் 70 சதவீதம் 50-க்குக் கொஞ்சம் மேலே. பெட்டியில் கிடந்த கிரேட்ஸ்வோர்டை மறுபடி எடுத்தேன், 23 போக 27 கவசத்துக்கு. இரண்டு கையால் பிடிக்கிறேன், பலம் 45. இப்போது அதே வாள், அதே ஆள். உருளுகிறான்.

மூன்றாம் பாகம் மந்திரவாதியைப் பற்றி என்று விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் வெளியிடுங்கள்: ‘வீரியம்’ என்று அச்சானதை ‘உயிர்’ என்று படிக்கவும், புள்ளிகளை மாற்ற வழி உண்டு, லோடு 70-க்குக் கீழே இருக்கட்டும். மூன்று வரிதான், கட்டம் கட்டிப் போட்டால் நல்லது. என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் அந்தப் பாலத்தில் பொத்து பொத்தென்று விழுந்துகொண்டிருக்கிறார்களோ.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர்,
நாமக்கல்.

பின்குறிப்பு: லோடு நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தை முதலாளி பார்த்துவிட்டார். ‘உருளத் தாமதம்’ என்று 20 இடத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து, எந்த வண்டி என்று கேட்டார்.